'கம்ப்ளீட் எ டெர்ம்': பதவிக்காலம் முடிந்ததா, முடித்தாரா?

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் பலர் வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் வந்தார். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒப்பந்தக் காலம் முழுவதும் குறைவில்லாமல் உழைத்து நல்ல பெயரோடு வெளியே வந்தவர். அடுத்த வேலைக்கான நேர்காணலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களை ஏன் நீக்கினார்கள்?" என்பது. அவருக்குப் பேச்சே எழவில்லையாம். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். "மை டெர்ம் வாஸ் டெர்மினேட்டட் இன் மார்ச்" என்று எழுதியிருந்தார். காலம் முடிந்தது என்று சொல்ல நினைத்திருக்கிறார். அந்த வினைச்சொல்லோ, இடையிலேயே முறித்து அனுப்பிவிட்டார்கள் என்று படிப்பவரிடம் சொல்லிவிட்டது.

அன்று முதல் இந்த ஒரு தொடரைப் பற்றி யார் கேட்டாலும் உட்கார வைத்து முழுவதும் சொல்லித் தருகிறேன். ஒரு குறித்த காலத்தை முழுமையாக முடித்தார் என்பதை ஆங்கிலத்தில் "கம்ப்ளீட் எ டெர்ம்" என்பார்கள். பார்க்க எளிய தொடர். ஆனால் விண்ணப்பம், பிரிவுபசாரக் கடிதம், சான்றிதழ், செய்தி என்று மரியாதையும் வாழ்வும் சம்பந்தப்பட்ட இடங்களில்தான் இது அதிகம் வருகிறது. அதனால் இதில் பிழை நேர்ந்தால் வலிக்கிறது. கீழே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

முதல் படி: எந்த 'டெர்ம்' என்று தெளியுங்கள்

'டெர்ம்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'டெர்மினஸ்'. எல்லை என்று பொருள். பஸ்ஸோ ரயிலோ அதற்கு மேல் போகாத கடைசி நிலையத்தை டெர்மினஸ் என்கிறோமே, அதே சொல்தான். பண்டைய ரோமானியர்கள் நிலத்தின் எல்லைக்கல்லை டெர்மினஸ் என்ற தெய்வமாகவே வணங்கினார்கள். பிப்ரவரி 23 அன்று அதற்கு விழா எடுத்தார்கள். ஆக, 'டெர்ம்' என்பது முன்கூட்டியே எல்லைக்கல் நட்டுவிட்ட காலம். ஒருவர் ஒரு பொறுப்பில் பதினோரு ஆண்டுகள் இருந்தார் என்பதாலேயே அது 'டெர்ம்' ஆகிவிடாது. இத்தனை நாள் என்று சட்டமோ விதியோ ஒப்பந்தமோ முன்பே வரையறுத்திருக்க வேண்டும். அந்த எல்லைக்கல்லை எட்டினால்தான் 'கம்ப்ளீட்' என்ற வினைக்கு அங்கே வேலை.

இப்படி எல்லை கட்டிய காலங்கள் பல உண்டு: பதவிக்காலம், பள்ளிப் பருவம், சிறைத் தண்டனைக் காலம், ஒப்பந்தக் காலம், கருவுற்ற காலம். இடத்துக்கு இடம் கூட வரும் வினைச்சொல் மாறும். பதவிக்காலத்தைத்தான் முதலில் விரிவாகச் சொல்லப் போகிறேன். குழப்பம் அதிகம் அங்கேதான்.

இரண்டாம் படி: முடிந்ததா, முடித்தாரா என்று தமிழில் கேளுங்கள்

தமிழர்கள் வழுக்கும் இடம் இது. தமிழே கைகொடுக்கும் இடமும் இதுதான்.

"பதவிக்காலம் முடிந்தது." "பதவிக்காலத்தை முடித்தார்." இரண்டுக்கும் வேர் 'முடி'தான். முதலாவது தன்வினை: காலம் தானே ஓடி முடிகிறது. இரண்டாவது பிறவினை: ஒருவர் அதைச் செய்து முடிக்கிறார். மெல்லின ஒற்று வந்தால் தானாக நடப்பது, வல்லின ஒற்று வந்தால் ஒருவர் நடத்துவது. இலக்கணமே படிக்காதவர்கூடப் பேச்சில் இதை மாற்றிச் சொல்லமாட்டார்.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு ஒரே சொல்லின் ஒற்றில் இல்லை. வேறு வேறு வினைச்சொற்களில் இருக்கிறது. 'கம்ப்ளீட்' முழுக்க முழுக்க 'முடித்தார்' பக்கத்தைச் சேர்ந்தது. செயப்படுபொருள் இல்லாமல் அது நிற்காது. "ஷி கம்ப்ளீட்டட் ஹெர் டெர்ம்" சரி. "ஹெர் டெர்ம் கம்ப்ளீட்டட்" தவறு. 'முடிந்தது' என்று மனத்தில் ஓடும்போது கை பழக்கத்தில் 'கம்ப்ளீட்டட்' என்று எழுதிவிடுவதால் வரும் பிழை இது. நான் திருத்தும் கடிதங்களில் அடிக்கடி சிக்குவதும் இதுவே.

'எக்ஸ்பயர்' நேர் எதிர்ப்பக்கம். அது 'முடிந்தது' மட்டுமே. "ஹெர் டெர்ம் எக்ஸ்பயர்ட் ஆன் ஜூன் 30" சரி. அதற்கு ஆளை எழுவாய் ஆக்கவே கூடாது. "ஷி எக்ஸ்பயர்ட்" என்றால் அவர் இறந்துவிட்டார் என்று பொருளாகிவிடும். உயிரோடும் நலத்தோடும் ஓய்வு பெறுபவரைப் பற்றி எழுதும்போது இதில் கவனம் வேண்டும்.

'எண்ட்' இரண்டு பக்கமும் செல்லும். "ஹெர் டெர்ம் எண்டட் இன் ஜூன்" என்பதுதான் எல்லா இடத்துக்கும் பொருந்தும் பாதுகாப்பான வாக்கியம். எதை எழுதுவது என்று தடுமாறினால் இதை எழுதுங்கள், ஒருநாளும் தவறாகாது. பேச்சில் பலர் சொல்லும் "டெர்ம் காட் ஓவர்" என்பதை எழுத்தில் தவிர்த்துவிட்டு "டெர்ம் இஸ் ஓவர்" அல்லது "டெர்ம் ஹாஸ் எண்டட்" என்று எழுதலாம்.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். எழுத வேண்டியதை முதலில் தமிழில் எழுதுங்கள். 'காலம்' என்ற சொல்லில் 'ஐ' உருபு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 'காலத்தை' என்று வந்தால் 'கம்ப்ளீட்' அல்லது 'செர்வ்'. வெறும் 'காலம்' என்று நின்றால் 'எண்ட்' அல்லது 'எக்ஸ்பயர்'. இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கும் இடத்தை நாம் காதாலேயே அறிவோம். அந்தக் காதை நம்பினால் போதும்.

செயப்பாட்டு வினையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. "ஹெர் டெர்ம் வாஸ் கம்ப்ளீட்டட்" இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் உடனே "யாரால்?" என்ற கேள்வி எழும். அவர் பாதியில் போய்விட, மீதியை வேறொருவர் வந்து முடித்தாரோ என்ற ஐயம் வரும். முடித்தவர் அவரேதான் என்றால் அவரையே எழுவாயாக வையுங்கள். உழைத்தவரின் பெயர் வாக்கியத்தின் தலையில் நிற்பதுதான் முறை.

மூன்றாம் படி: உண்மையிலேயே முழுதாக முடித்தாரா என்று சரிபாருங்கள்

'கம்ப்ளீட்' எனும் வினை ஓர் உறுதிமொழி. தொடக்கம் முதல் எல்லைக்கல் வரை இருந்தார் என்று அது சொல்கிறது. இடையில் விலகியவருக்கோ, விலக்கப்பட்டவருக்கோ, இறந்தவருக்கோ இதைப் பயன்படுத்தினால் அது இலக்கணப் பிழை ஆகாது, பொய் ஆகிவிடும்.

அமெரிக்க அதிபர்களின் வரலாற்றில் இதற்கு நல்ல பாடங்கள் கிடைக்கின்றன. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்காவது பதவிக்காலம் 1945 ஜனவரி 20 அன்று தொடங்கியது; ஏப்ரல் 12 அன்று அவர் இறந்துவிட்டார். எனவே அவர் நான்கு முறை 'வென்றார்', மூன்றை 'கம்ப்ளீட்' செய்தார். "ஹி வாஸ் இலெக்டட் டு ஃபோர் டெர்ம்ஸ்" உண்மை. "ஹி கம்ப்ளீட்டட் ஃபோர் டெர்ம்ஸ்" உண்மை இல்லை. தேர்வு பெறுவது வேறு, முடிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதே ரூஸ்வெல்ட்டின் முதல் பதவிக்காலம் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. அவர் 1933 மார்ச் 4 அன்று பதவி ஏற்றார். அப்போது நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம் பதவியேற்பு நாளை ஜனவரி 20 ஆக மாற்றிவிட்டது. அதனால் அவருடைய முதல் பதவிக்காலம் 1937 ஜனவரி 20 அன்றே முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் குறைவு. ஆனாலும் அவர் அந்தக் காலத்தை முழுமையாக முடித்தவர்தான். ஆண்டுகளை விரல் விட்டு எண்ணுவதில் பயனில்லை. சட்டம் நட்ட எல்லைக்கல்லை எட்டினாரா என்பதே கேள்வி.

ரூஸ்வெல்ட் இறந்ததும் துணை அதிபர் ஹாரி ட்ரூமன் அதிபரானார். மீதமிருந்த காலம் முழுவதும், 1949 ஜனவரி வரை, அவர்தான் பதவியில் இருந்தார். இந்த இடத்துக்குப் பொருத்தமான தொடர் "செர்வ் அவுட்". "ட்ரூமன் செர்வ்ட் அவுட் ரூஸ்வெல்ட்ஸ் ஃபோர்த் டெர்ம்." மீதியைக் கடைசிவரை நிறைவேற்றினார் என்று பொருள். 1974 ஆகஸ்ட் 9 அன்று ரிச்சர்ட் நிக்சன் விலகியபோது ஜெரால்ட் ஃபோர்டு செய்ததும் இதுவே. 1977 ஜனவரி 20 வரை நிக்சனின் காலத்தில் எஞ்சியதை அவர் நிறைவேற்றினார். எஞ்சிய பகுதியைக் குறிக்க "தி ரிமைண்டர் ஆஃப் தி டெர்ம்" என்றும், விதிமுறை நடையில் "தி அனெக்ஸ்பயர்ட் டெர்ம்" என்றும் எழுதுவார்கள்.

'செர்வ் அவுட்' தொடருக்கு இன்னொரு சாயலும் உண்டு. விலகுவார் என்று பிறர் எதிர்பார்க்கும்போது, விலக மாட்டேன், கடைசி நாள் வரை இருப்பேன் என்று சொல்பவரைப் பற்றியும் "ஹி இன்டெண்ட்ஸ் டு செர்வ் அவுட் ஹிஸ் டெர்ம்" என்று எழுதுவார்கள். பிடிவாதமோ பொறுமையோ, ஏதோ ஒன்று அதில் தொனிக்கிறது. அதனால் அன்போடு எழுதும் பிரிவுபசாரக் கடிதத்தில் "ஷி செர்வ்ட் அவுட் ஹெர் டெர்ம்" என்று எழுதாதீர்கள். எப்படியோ நாளைக் கடத்தினார் என்பது போல் படலாம். அங்கே 'கம்ப்ளீட்டட்'தான் அழகு. பிரிட்டன் ஆங்கிலத்தில் 'சீ அவுட்' என்ற தொடரும் இதே பொருளில் வழங்குகிறது. அது சற்று இயல்பான பேச்சு நடை.

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட், இரண்டாவது பதவிக்காலத்தின் நடுவே, 1961 செப்டம்பர் 18 அன்று விமான விபத்தில் இறந்தார். அந்த நவம்பரில் பர்மாவைச் சேர்ந்த ஊ தாண்ட், எஞ்சிய காலத்துக்காக நியமிக்கப்பட்டார். இதை "ஊ தாண்ட் கம்ப்ளீட்டட் ஹிஸ் டெர்ம்" என்று எழுதினால் என்ன ஆகும்? 'ஹிஸ்' யாருடையது? தமிழில் "தன் பதவிக்காலத்தை" என்றால் ஊ தாண்டுடையது. "அவருடைய பதவிக்காலத்தை" என்றால் ஹாமர்ஷோல்டுடையது என்று நாம் பிரித்துவிடுவோம். ஆங்கிலத்தின் 'ஹிஸ்' இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடும். எனவே முன்னவர், பின்னவர் என இருவர் வரும் வாக்கியத்தில் பெயரைச் சொல்லிவிடுங்கள்: "கம்ப்ளீட்டட் ஹாமர்ஷோல்ட்ஸ் டெர்ம்". அல்லது "ஹிஸ் ப்ரெடிசெஸர்ஸ் டெர்ம்", "ஹிஸ் ஓன் டெர்ம்" என்று எழுதுங்கள். அந்த 'ஓன்' என்ற சிறு சொல் நம் 'தன்' செய்யும் வேலையைச் செய்துவிடும்.

நான்காம் படி: எண்ணிக்கையை ஒழுங்காகக் கட்டுங்கள்

"ஃபைவ் இயர்ஸ் டெர்ம்" என்று எழுதுவது பரவலான பிழை. "எ ஃபைவ் இயர் டெர்ம்" என்பதே சரி. 'இயர்' ஒருமையில் நிற்கும், 'ஃபைவ்' என்பதற்கும் 'இயர்' என்பதற்கும் இடையே சிறுகோடு இடுவார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. நாமும் 'ஐந்தாண்டுத் திட்டம்' என்கிறோமே தவிர 'ஐந்தாண்டுகள் திட்டம்' என்பதில்லை. அளவு ஒரு பெயருக்கு முன்னால் அடையாக வரும்போது பன்மை விகுதி உதிர்ந்துவிடுவது இரு மொழிக்கும் பொது. பன்மை வேண்டுமென்றால் "எ டெர்ம் ஆஃப் ஃபைவ் இயர்ஸ்" என்று திருப்பி எழுதுங்கள்.

"ஹெர் செகண்ட் டெர்ம்" வேறு, "டூ டெர்ம்ஸ்" வேறு. "ஷி கம்ப்ளீட்டட் ஹெர் செகண்ட் டெர்ம்" என்றால் பேச்சு இரண்டாவதைப் பற்றி மட்டும். "ஷி கம்ப்ளீட்டட் டூ டெர்ம்ஸ்" என்றால் இரண்டும். தொடர்ச்சியாக என்று சேர்க்க 'கான்செக்யூட்டிவ்' என்ற சொல் வரும். ஆனால் உண்மையிலேயே தொடர்ச்சியாக இருந்ததா என்று பாருங்கள். குரோவர் கிளீவ்லண்ட் 1885 முதல் 1889 வரையும், பின்னர் 1893 முதல் 1897 வரையும் அமெரிக்க அதிபராக இருந்தார். இரண்டு 'டெர்ம்', இடையே வேறொருவர்.

'ஃபுல்' என்ற அடை தேவையா? 'கம்ப்ளீட்' என்பதிலேயே முழுமை அடங்கிவிட்டது என்றாலும், "கம்ப்ளீட்டட் எ ஃபுல் டெர்ம்" என்று அழுத்தத்துக்காக எழுதுவது வழக்கில் உள்ளதுதான். "ஃபுல்லி கம்ப்ளீட்டட்" மட்டும் வேண்டாம். பருமனாக இருக்கிறது, பொருள் எதையும் கூட்டவில்லை.

ஐந்தாம் படி: காலத்தைத் தேதியோடு பொருத்துங்கள்

"ஹி ஹாஸ் கம்ப்ளீட்டட் ஹிஸ் டெர்ம் ஆன் ஜூன் 30." இதில் பிழை எங்கே என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பிழை 'ஹாஸ்' என்ற சொல்லில். 'ஹாஸ் கம்ப்ளீட்டட்' என்பது செயலின் விளைவு இன்றும் நிற்பதைச் சொல்வது. எப்போது என்று தேதி குறிப்பிட்டால் அதனோடு ஒட்டாது. தேதி இருந்தால் "ஹி கம்ப்ளீட்டட் ஹிஸ் டெர்ம் ஆன் ஜூன் 30". தேதி இல்லாவிட்டால் "ஹி ஹாஸ் கம்ப்ளீட்டட் ஹிஸ் டெர்ம்". இந்தப் பிழை நமக்கு ஏன் வருகிறது என்றால், தமிழில் "ஜூன் 30 அன்று முடித்திருக்கிறார்" என்று தேதியோடு சொல்ல எந்தத் தடையும் இல்லை. 'முடித்திருக்கிறார்' என்பதை அப்படியே 'ஹாஸ் கம்ப்ளீட்டட்' ஆக்கிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

'முடித்திருப்பார்' என்பதிலும் இதே போன்ற ஒரு பொறி இருக்கிறது. தமிழில் அதற்கு இரண்டு பொருள். வரும் ஜூனுக்குள் முடித்திருப்பார் என்றால் எதிர்காலம்: "பை ஜூன் ஷி வில் ஹேவ் கம்ப்ளீட்டட் ஹெர் டெர்ம்". இந்நேரம் முடித்திருப்பார் என்றால் ஊகம்: "ஷி மஸ்ட் ஹேவ் கம்ப்ளீட்டட் ஹெர் டெர்ம் பை நௌ". எதைச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

ஆறாம் படி: 'க்குள்', 'வரை', 'இல்'

'பை' என்பது நம் 'க்குள்'. 'அண்டில்' என்பது நம் 'வரை'. "ஷி வில் ஸ்டே அண்டில் ஜூன்" என்றால் ஜூன் வரை இருப்பார். 'கம்ப்ளீட்' என்பதோடு 'அண்டில்' சேராது. முடித்தல் ஒரு கணத்தில் நிகழ்வது, அதற்கு 'வரை' போட முடியாது. தமிழிலும் "ஜூன் வரை முடித்தார்" என்று யாரும் சொல்வதில்லை.

பதவிக்காலம் என்பதற்கு "டெர்ம் ஆஃப் ஆஃபீஸ்", "டெர்ம் இன் ஆஃபீஸ்" இரண்டும் உண்டு. விதிமுறைகளில் முதலாவது அதிகம், செய்திகளில் இரண்டாவது. எந்தப் பதவி என்று சொல்ல 'அஸ்' போதும்: "ஹெர் டெர்ம் அஸ் செக்ரட்டரி". இரண்டாம் பதவிக்காலத்தில் என்பதற்கு "இன் ஹெர் செகண்ட் டெர்ம்".

ஏழாம் படி: 'முடித்து' என்று தொடங்கினால் எழுவாயைக் கவனியுங்கள்

பிரிவுபசாரக் கடிதங்களில் வரும் வாக்கியம் இது: "ஹேவிங் கம்ப்ளீட்டட் ஹெர் டெர்ம், தி கமிட்டி தேங்க்ஸ் ஹெர்." படித்தால் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பதவிக்காலத்தை முடித்தது யார்? இலக்கணப்படி, கமிட்டி.

தமிழ் இலக்கணம் இதை நமக்கு எப்போதோ கற்றுத் தந்துவிட்டது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம், முற்றுவினையின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும். "பதவிக்காலத்தை முடித்துக் குழு அவருக்கு நன்றி சொன்னது" என்று எழுதினால் குழுவே முடித்ததாக ஆகும். நமக்கே காதில் உறுத்தும். "அவர் முடித்ததும் குழு நன்றி சொன்னது" என்று வேறு எச்சத்துக்கு மாறிவிடுவோம். ஆங்கிலத்திலும் அதே மாற்றம்தான் மருந்து. "ஹேவிங் கம்ப்ளீட்டட் ஹெர் டெர்ம், ஷி தேங்க்ட் தி கமிட்டி" என்று எழுவாயை ஒன்றாக்குங்கள். அல்லது "நௌ தட் ஷி ஹாஸ் கம்ப்ளீட்டட் ஹெர் டெர்ம், தி கமிட்டி தேங்க்ஸ் ஹெர்" என்று பிரித்துவிடுங்கள். 'முடித்து' என்பதற்கும் 'முடித்ததும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்பவருக்கு இந்த விதியைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

எட்டாம் படி: பதவிக்கு வெளியே

பள்ளியில் 'டெர்ம்' என்பது பிரிட்டன் வழக்கம். ஆண்டை மூன்றாகப் பிரிப்பார்கள். 'செமஸ்டர்' என்பது ஆறு மாதம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாணவர் "கம்ப்ளீட்டட் தி ஃபர்ஸ்ட் டெர்ம்" என்று எழுதலாம். பள்ளியின் பருவம் முடிந்தது என்பதற்கு "டெர்ம் ஹாஸ் எண்டட்". இங்கே ஒரு நுட்பம்: பள்ளிப் பருவத்தைப் பேசும்போது 'டெர்ம்' என்பதற்கு முன் 'தி' இல்லாமலே "அட் தி எண்ட் ஆஃப் டெர்ம்" என்பார்கள். பதவிக்காலத்துக்கு அப்படி வெறுமனே விடக்கூடாது. 'ஹெர்', 'ஹிஸ்', 'தி' ஏதேனும் ஒன்று வேண்டும்.

லண்டனில் வழக்கறிஞர் ஆவதற்குப் படித்தவர்கள் பருவத்தை 'கம்ப்ளீட்' செய்யவில்லை, 'கீப்' செய்தார்கள். "கீப் டெர்ம்ஸ்" என்றால் ஒவ்வொரு பருவத்திலும் சட்ட விடுதியின் (வழக்கறிஞர்களைச் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தின்) கூடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இரவு விருந்துகளுக்குப் போய் உட்கார்ந்து எழுவது. 1891-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற காந்தியும் அப்படிப் பன்னிரண்டு பருவங்களை 'கீப்' செய்தவர். பழைய ஆவணங்களில் இந்தத் தொடரைக் கண்டால் தவறு என்று எண்ணித் திருத்திவிட வேண்டாம்.

சிறைக்கு 'செர்வ்' என்ற வினைதான். "செர்வ்ட் ஹிஸ் டெர்ம்" என்று மட்டும் எழுதினால் பதவியா சிறையா என்று சூழல்தான் சொல்ல வேண்டும். நெல்சன் மண்டேலாவைப் பற்றி எழுதும்போது ஒரே வினை இரண்டுக்கும் வரும்: 27 ஆண்டுகள் சிறையில் 'செர்வ்ட்', பின்னர் 1994 முதல் 1999 வரை தென்னாப்பிரிக்க அதிபராக ஒரு 'டெர்ம்' 'செர்வ்ட்'. அதனால் "இன் ப்ரிஸன்", "அஸ் ப்ரெஸிடெண்ட்" என்று சேர்த்து எழுதுவதுதான் நியாயம். தண்டனை என்ற பொருள் தெளிவாக வேண்டுமென்றால் 'டெர்ம்' என்பதை விட்டுவிட்டு 'செண்டென்ஸ்' என்று எழுதிவிடுங்கள்.

கருவுற்ற காலத்துக்கு 'கம்ப்ளீட்' வராது. நிறைமாதம் வரை சுமந்தார் என்பதற்கு "கேரீட் தி பேபி டு டெர்ம்". நிறைமாதக் குழந்தை "ஃபுல் டெர்ம்". 37 வாரத்துக்கு முன் பிறந்தது "ப்ரீடெர்ம்".

நாடாளுமன்ற முறை உள்ள நாடுகளில் காலவரையறை பொதுவாக அவைக்குத்தான். பிரதமருக்கெனத் தனியாக எல்லைக்கல் இல்லை. ஆகவே "தி கவர்ன்மெண்ட் கம்ப்ளீட்டட் இட்ஸ் டெர்ம்" என்று அரசை எழுவாயாக்கினால் கணக்கு சரியாக இருக்கும். ஒரு பிரதமர் நடுவில் மாறினாலும் அந்த வாக்கியம் பொய்க்காது.

ஒன்பதாம் படி: 'டெனியூர்', 'டெர்மினேட்'

'டெனியூர்' என்ற சொல்லின் வேருக்குப் பிடித்திருத்தல் என்று பொருள். ஒருவர் பதவியை வைத்திருந்த காலம், அது எவ்வளவு நீளமானாலும், 'டெனியூர்'. எல்லைக்கல் தேவையில்லை. நடுவில் விலகியவரைப் பற்றி எழுதும்போது இது கைகொடுக்கும்: "டியூரிங் ஹிஸ் டெனியூர்" என்றால் போதும், முழுமை பற்றிய பேச்சே எழாது. ஆனால் பல்கலைக்கழக வட்டாரத்தில், முக்கியமாக அமெரிக்காவில், 'டெனியூர்' என்றால் பேராசிரியருக்குக் கிடைக்கும் நிரந்தரப் பணி. அங்கே "கம்ப்ளீட்டட் ஹெர் டெனியூர்" என்று அனுப்பினால் படிப்பவர் விழிப்பார். அந்த இடத்தில் 'டெர்ம்' அல்லது 'அப்பாயின்மெண்ட்' என்று எழுதுங்கள்.

'டெர்மினேட்' சொல்லும் அதே எல்லைக்கல் வேரில் பிறந்ததுதான். ஆனால் வழக்கில், வேலையையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தவரை, அது ஒரு தரப்பு வெட்டி முடிப்பதைக் குறிக்கிறது. வேர் ஒன்று என்பதற்காக வழக்கை மீறிவிட முடியாது. விண்ணப்பத்திலிருந்து இந்தச் சொல்லை முழுவதுமாக நீக்கிவிடச் சொல்வேன்.

பத்தாம் படி: எழுதியதைத் திருத்திப் பாருங்கள்

ஓர் அமைப்பின் செயலாளர் விடைபெறும்போது எழுதப்பட்ட வரைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வரும் 'அவர்' ஆங்கிலச் சொல், 'எங்கள்' என்று பொருள்.

"அவர் செக்ரட்டரிஸ் த்ரீ இயர்ஸ் டெர்ம் ஹாஸ் கம்ப்ளீட்டட் ஆன் மே 31. ஹேவிங் செர்வ்ட் அவுட் ஹெர் டெர்ம், வி தேங்க் ஹெர்."

இரண்டே வாக்கியம். 'இயர்ஸ்' என்பது 'இயர்' ஆக வேண்டும். 'கம்ப்ளீட்டட்' செயப்படுபொருள் இல்லாமல் நிற்கிறது. முடித்தவரை முன்னால் கொண்டுவர வேண்டும். தேதி இருப்பதால் 'ஹாஸ்' போக வேண்டும். 'செர்வ்ட் அவுட்' பிரிவுபசாரத்துக்கு ஒவ்வாது. 'ஹேவிங்' என்று தொடங்கியதால் பதவிக்காலத்தை முடித்தவர்கள் 'வி' ஆகிவிட்டோம். திருத்திய வடிவம் இது:

"அவர் செக்ரட்டரி கம்ப்ளீட்டட் ஹெர் த்ரீ இயர் டெர்ம் ஆன் மே 31. வி தேங்க் ஹெர் ஃபார் ஹெர் சர்வீஸ்."

முன்பைவிடச் சுருங்கிவிட்டது, பாருங்கள். யார், எதை, எப்போது என்ற மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

அந்த இளம்பெண்ணின் வரியையும் அன்றே திருத்தினோம். அதில் 'டெர்ம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். ஒப்பந்தம் என்று நேராகச் சொல்லும்போது அது தேவைப்படவில்லை. "ஐ கம்ப்ளீட்டட் எ டூ இயர் கான்ட்ராக்ட் இன் மார்ச்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "இதில் நான்தான் முடித்தேன் என்று இருக்கிறது" என்றார்.